ஊழல் பணம் அண்டை நாட்டில், விசாரணை மட்டும் உள்நாட்டில்

2022 ஜூலையில் இலங்கை, 2024 ஆகஸ்டில் வங்கதேசம், 2025 செப்டம்பரில் நேபாளம். மூன்றாண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்துக்குள் நம்மைச் சுற்றியுள்ள மூன்று நாடுகளில் தெருவில் இறங்கிய மக்கள் ஆட்சியாளர்களை விரட்டியிருக்கிறார்கள். கொழும்பில் பொருளாதார வீழ்ச்சி, டாக்காவில் அரசு வேலைக்கான இடஒதுக்கீடு, காத்மாண்டுவில் சமூக ஊடகத் தடை என உடனடிக் காரணங்கள் வேறுபட்டன. அடியில் கனன்ற கோபம் ஒன்றுதான்: நம் பணத்தைத் தின்றுவிட்டார்கள். ஆட்சிகள் மாறிவிட்டன. பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. அது அந்த நாடுகளுக்குள் இல்லை.

வங்கதேசத்தின் இடைக்கால அரசு அமைத்த வெள்ளை அறிக்கைக் குழு, 2009 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,600 கோடி டாலர் சட்டவிரோதமாக வெளியேறியதாக 2024 டிசம்பரில் மதிப்பிட்டது. அந்தப் பணம் துபாயிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் கட்டிடமாகவும் வங்கிக் கணக்காகவும் நிற்கிறது. டாக்காவில் இருக்கும் விசாரணை அதிகாரியின் அதிகாரம் டாக்கா விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது.

இதை ஒரு நாடு தனியாக மீட்க முடியாது. அரசுகள் மட்டும் கூடிப் பேசினாலும் முடியாது. திருடியவர்கள் பல நேரங்களில் அரசுக்குள்ளேயே இருக்கிறார்கள். அண்டை நாட்டு அரசுகளும் அந்நாடுகளின் மக்கள் அமைப்புகளும் ஒரே மேசையில் உட்காரும் ஏற்பாடு தெற்காசியாவுக்கு உடனடியாகத் தேவை. அதற்கான ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிக் கிடக்கிறது. உயிர் கொடுப்பதுதான் பாக்கி.

போலி மருந்தும் கேட்கப்படாத கேள்வியும்

எல்லை தாண்டிய ஊழல் என்றதும், அது பெரிய மனிதர்களின் வங்கிக் கணக்கு விவகாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். இலங்கையில் நடந்ததைப் பாருங்கள்.

நாடு கடனில் மூழ்கி, மருத்துவமனைகளில் அடிப்படை மருந்துக்கே தட்டுப்பாடு நிலவிய காலம். அப்போது அரசு வாங்கிய மருந்துகளில் ஒன்று இம்யூனோகுளோபுலின். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் சில வகை நரம்பு நோயாளிகளுக்கும் செலுத்தப்படும் விலை உயர்ந்த ஊசி மருந்து அது. 2023இல் அதைச் செலுத்திக்கொண்ட நோயாளிகள் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டதும் சந்தேகம் எழுந்தது. சோதித்தபோது மருந்து தரமற்றது எனத் தெரிந்தது. அது இந்திய நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு என்று ஆவணங்கள் சொல்லின. அந்த நிறுவனமோ, அப்படி எதையும் நாங்கள் அனுப்பவில்லை என்றது. ஆவணங்களே போலி. சுகாதார அமைச்சராக இருந்த கெஹலிய ரம்புக்வெல்ல 2024 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது.

யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நம்மை உறுத்த வேண்டியது வேறு. கொழும்பிலிருந்து இந்தியாவுக்கு ஒரே ஒரு கேள்வி போயிருந்தால் இந்த மோசடி முளையிலேயே கருகியிருக்கும்: ‘இந்த மருந்தை நீங்கள் அனுப்பினீர்களா?’ இரு நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் ஏற்பாடு இருந்திருந்தால், கேள்விக்கு ஒரே நாளில் பதில் வந்திருக்கும். பாக் நீரிணையின் இரு கரைக்கும் இடையே கடல் தூரம் மிகக் குறைவு. அலுவலகங்களுக்கு இடையிலான தூரம்தான் ஒரு நோயாளியின் நரம்புக்குள் போலி மருந்தை ஏற்றியது.

அபராதம் மூன்று நாடுகளுக்கு, நட்டம் இலங்கைக்கு

இன்னொரு வழக்கும் இலங்கையிலிருந்துதான். பல நாடுகளில் லஞ்சம் கொடுத்து விமானங்களை விற்றதாக எழுந்த குற்றச்சாட்டில் ஏர்பஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுடன் உடன்பாடு செய்துகொண்டு சுமார் 360 கோடி யூரோ கட்டியது. பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட விவரங்களில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் ஒன்று. விமானக் கொள்முதலில் செல்வாக்குச் செலுத்த, அந்நிறுவன அதிகாரி ஒருவரின் மனைவிக்குத் தொடர்புடைய நிறுவனத்துக்கு 20 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டிருந்தது.

லஞ்சத்தின் விலை விமானத்தின் விலைக்குள் ஏறும். விமானத்தின் விலை அரசு நிறுவனத்தின் நட்டத்தில் ஏறும். அந்த நட்டத்தைக் கட்டுபவர்கள் பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுக்கும் இலங்கைக் குடிமக்கள். ஆனால், 360 கோடி யூரோவும் போய்ச் சேர்ந்தது மூன்று பணக்கார நாடுகளின் கருவூலத்துக்கு. அந்த உடன்பாட்டில் இலங்கைக்கு இழப்பீடு ஒதுக்கப்படவில்லை.

சட்டப்படி இதில் தவறு இல்லை என்பார்கள். நியாயப்படி இது பெருந்தவறு. ஏமாற்றப்பட்ட நாடுகள் தனித்தனியாக நிற்கும்வரை பேச்சுவார்த்தை மேசையில் அவற்றுக்கு நாற்காலி கிடைக்காது. அந்த வழக்கில் இலங்கையோடு மலேசியா, இந்தோனேசியா, தைவான் நிறுவனங்களும் பட்டியலில் இருந்தன. பாதிக்கப்பட்ட நாடுகள் சேர்ந்து ஒரு குரலில் இழப்பீடு கேட்டிருந்தால் கதை மாறியிருக்கக்கூடும்.

மலேசியா காட்டிய வழி

ஒத்துழைப்பு என்ன செய்யும், அது எப்போது பயன்படாமல் போகும் என்ற இரண்டையும் ஒருசேரக் கற்றுத்தருவது மலேசியாவின் ‘1எம்டிபி’ வழக்கு. சற்று விரிவாகவே பார்க்க வேண்டிய வழக்கு இது.

நாட்டின் வளர்ச்சிக்கு முதலீடு திரட்டுவதாகச் சொல்லி 2009இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் 1எம்டிபி. அதிலிருந்து 450 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித் துறை பின்னாளில் குற்றம்சாட்டியது. பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்குகளில் சுமார் 68 கோடி டாலர் வந்து விழுந்ததை 2015 ஜூலையில் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. விசாரணையை நகர்த்திய அட்டர்னி ஜெனரல் அதே மாதம் நீக்கப்பட்டார். கேள்வி கேட்ட துணைப் பிரதமர் பதவி இழந்தார். செய்தி வெளியிட்ட ‘தி எட்ஜ்’ இதழின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. ‘சரவாக் ரிப்போர்ட்’ இணையதளம் முடக்கப்பட்டது. புதிதாக வந்த அட்டர்னி ஜெனரல், அது சவூதி அரச குடும்பம் கொடுத்த நன்கொடை என்று 2016 ஜனவரியில் சொல்லிக் கோப்பை மூடினார். உதவி கேட்ட சுவிட்சர்லாந்துக்கும் மலேசியா கைவிரித்தது.

உள்நாட்டின் எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்ட பிறகு வழக்கை உயிரோடு வைத்திருந்தவை இரண்டு. ஒன்று, மக்கள் இயக்கம். அம்பிகா சீனிவாசன் போன்றோர் முன்னின்று வளர்த்த ‘பெர்சே’ இயக்கம், நேர்மையான தேர்தலுக்காகத் தொடங்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் அது கோலாலம்பூர் வீதிகளில் மக்களைத் திரட்டி நஜிப் விலக வேண்டும் என்றது. 2016 நவம்பர் பேரணிக்கு முந்தைய நாள், இயக்கத்தின் தலைவர் மரியா சின் அப்துல்லா பாதுகாப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். மறுநாள் மக்கள் அப்படியும் கூடினார்கள்.

மற்றொன்று, அண்டை நாடுகளும் பிற நாடுகளும். சிங்கப்பூர் தன் மண்ணில் இந்தப் பணத்தைப் புழங்கவிட்ட பிஎஸ்ஐ, ஃபால்கன் ஆகிய இரு வங்கிகளின் கிளைகளை 2016இல் மூடியது. அமெரிக்கா அதே ஆண்டு சொத்து முடக்க வழக்குகளைத் தொடுத்தது. இந்தோனேசியா 2018 பிப்ரவரியில் பாலித் தீவருகே ‘ஈக்வானிமிட்டி’ என்ற சொகுசுக் கப்பலைப் பிடித்தது. சுருட்டிய பணத்தில் வாங்கப்பட்டது என்று அமெரிக்கா சொன்ன கப்பல் அது. அப்போதும் நஜிப்தான் மலேசியப் பிரதமர். திருட்டே நடக்கவில்லை என்று மலேசிய அரசு சொல்லிக்கொண்டிருந்தபோது, திருட்டுச் சொத்து என்று அண்டை நாடு கப்பலைப் பிடித்துவைத்தது. இடையில் இந்தோனேசிய நீதிமன்றம் அதை விடுவித்தது, மீண்டும் பிடித்தார்கள்.

2018 மே மாதத் தேர்தலில் நஜிப்பின் கூட்டணி, விடுதலைக்குப் பின் முதன்முறையாக ஆட்சியை இழந்தது. மூன்றே மாதங்களில் கப்பல் மலேசியத் துறைமுகத்துக்கு வந்தது, பின்னர் 12.6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அமெரிக்கா வழியாக மட்டும் சுமார் 140 கோடி டாலர் மலேசியாவுக்குத் திரும்பியிருக்கிறது. 1எம்டிபி முதன்மை வழக்கை அரசுத் தரப்பில் முதலில் முன்னின்று நடத்தியவர், மறைந்த முன்னாள் நீதிபதி கோபால் ஸ்ரீராம். இதோடு தொடர்புடைய மற்றொரு வழக்கில் நஜிப் 2022 ஆகஸ்டில் சிறை சென்றார். அந்தத் தண்டனையை மன்னிப்பு வாரியம் பின்னர் பாதியாகக் குறைத்தது. முதன்மை வழக்கில் 2025 டிசம்பரில் மேலும் 15 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது.

ஆட்சி மாறிய அன்று அண்டை நாடுகளில் சொத்துகள் தயாராக முடக்கப்பட்டிருந்தன. ஆவணங்கள் திரட்டப்பட்டிருந்தன. அதனால்தான் பணம் திரும்பியது. வங்கதேசத்துக்கும் இலங்கைக்கும் இந்த வாய்ப்பு இல்லாமல் போனது. ஆட்சி விழுந்த பிறகுதான் அவர்கள் தேடவே தொடங்கினார்கள்.

இதே வழக்கின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மோசடியின் ஆவணங்களைப் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த சுவிஸ் நாட்டவர் சேவியர் ஜஸ்டோ, தாய்லாந்தில் 2015 ஜூனில் கைதானார். முன்பு வேலை பார்த்த நிறுவனத்தை மிரட்டிப் பணம் கேட்டதாக அவர்மேல் வழக்கு. 2016 டிசம்பர் வரை பாங்காக் சிறையில் இருந்தார். அவர் வெளிக்கொண்டுவந்த ஆவணங்களை வைத்து விசாரித்த சுவிட்சர்லாந்தில், அந்த நிறுவன அதிகாரிகள் இருவர் 2024இல் தண்டிக்கப்பட்டார்கள். அரசுகளுக்கு இடையிலான ஒத்துழைப்பு மட்டும் போதாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். திருடனைப் பிடிக்கக் கைகோக்கும் அதே அரசுகள், தகவல் சொன்னவரைப் பிடிக்கவும் கைகோக்க முடியும். எந்தப் பக்கம் கை நீளும் என்பதைக் கண்காணிக்க மக்கள் அமைப்புகள் அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நம்மிடம் இருப்பது என்ன?

அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1996இலேயே ஊழலுக்கு எதிரான வட்டார ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. ஆப்பிரிக்க ஒன்றியம் 2003இல் செய்தது. தெற்காசியாவுக்கு அப்படி ஒன்று இன்றுவரை இல்லை.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. குற்ற வழக்குகளில் பரஸ்பரம் உதவிக்கொள்ளும் உடன்படிக்கையில் சார்க் நாடுகள் 2008இல் கொழும்பில் கையெழுத்திட்டன. ஆனால், 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்கள் கூடவே இல்லை. இந்தியா - பாகிஸ்தான் பகையில் அந்த அமைப்பு உறைந்துவிட்டது.

ஆசிய வளர்ச்சி வங்கியும் பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய ஆசிய - பசிபிக் ஊழல் எதிர்ப்புச் செயல்திட்டம் 2001இல் டோக்கியோவில் ஏற்கப்பட்டது. இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் எல்லாம் தொடக்கத்திலேயே ஒப்புதல் கொடுத்தன. அதன் மூன்று தூண்களில் ஒன்று மக்களின் பங்கேற்பு. எழுத்தில் அருமையான திட்டம். எந்த அரசையும் அது கட்டுப்படுத்தாது. இலங்கையும் வங்கதேசமும் நேபாளமும் எங்கே வந்து நின்றன என்பதே அதன் விளைவுக்குச் சான்று.

நம்பிக்கை தருவது பிம்ஸ்டெக். வங்கதேசம், பூடான், இந்தியா, மியான்மர், நேபாளம், இலங்கை, தாய்லாந்து ஆகிய ஏழு நாடுகளின் கூட்டமைப்பு அது. குற்ற வழக்குகளில் பரஸ்பர சட்ட உதவிக்கான உடன்படிக்கையில் இந்த நாடுகள் 2022 மார்ச்சில் கொழும்பில் கையெழுத்திட்டன. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அவற்றில் மூன்று நாடுகளில் ஆட்சிகள் கவிழ்ந்தன. ஊழல் வழக்குகளுக்கு அந்த உடன்படிக்கையைப் பயன்படுத்துவது பற்றி நம் நாடாளுமன்றத்திலோ ஊடகங்களிலோ ஒரு விவாதம்கூட பெரிதாக எழவில்லை.

வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்த இணையக் கொள்ளையை நினைவுகூரலாம். அது ஊழல் வழக்கு அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் வங்கிகளுக்குச் சந்தேகம் வந்து தடுக்கப்பட்டது, பணம் திரும்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8.1 கோடி டாலர் சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. அந்நாட்டின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் அப்போது சூதாட்ட விடுதிகளைத் தொடவில்லை. அதில் சிறு பகுதிதான் மீண்டது. முதல் சில நாட்களில் தடுத்தால் பணம். தவறினால் வழக்கு மட்டுமே மிஞ்சும்.

ஆள் வேறு, பணம் வேறு

அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு பற்றிப் பேசினால் உடனே ஓர் எதிர்வாதம் வரும். புதிய ஆட்சியாளர்கள் பழைய ஆட்சியாளர்களைப் பழிவாங்க ஊழல் வழக்கைப் பயன்படுத்துவார்கள், அதற்கு நாம் ஏன் துணைபோக வேண்டும்? இந்தக் கவலை நியாயமானது. தெற்காசியாவில் ஊழல் வழக்கும் அரசியல் வழக்கும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இந்தியாவில் தஞ்சம் புகுந்த வங்கதேச முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவுக்குப் போராட்டப் படுகொலைகள் தொடர்பாக 2025 நவம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகு, அவரை ஒப்படைப்பது பற்றி இந்தியா ஆயிரம் முறை யோசிப்பது இயல்பு.

ஆனால், ஓர் ஆளை ஒப்படைப்பது வேறு, பணத்தை ஒப்படைப்பது வேறு. முன்னதில் உயிரும் அரசியலும் அடைக்கல மரபும் இருக்கின்றன. பின்னதில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வீட்டை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே. இரண்டையும் பிரித்தாலே பாதி முட்டுக்கட்டை விலகும். இலங்கை மத்திய வங்கியின் 2015 பிணைமுறி மோசடி வழக்கில், முன்னாள் ஆளுநரைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க இலங்கை ஆண்டுக்கணக்கில் போராடியும் முடியவில்லை. ஆளைத் துரத்திக் காலம் கடந்தது.

மாறாக, பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். வங்கதேசத்தின் முன்னாள் நில அமைச்சர் சைஃபுஸ்ஸமான் சௌத்ரிக்குத் தொடர்புடைய ஏராளமான சொத்துகளை அந்நாட்டின் தேசியக் குற்றத் தடுப்பு முகமை 2025இல் முடக்கியது. அவர் குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். யாரும் அவரை நாடு கடத்தவில்லை. சொத்துகளை விற்க முடியாதபடி பூட்டுப் போட்டாயிற்று, அவ்வளவே. அந்த நடவடிக்கைக்கு முன்பே பத்திரிகையாளர்கள் சொத்துப் பதிவேடுகளைத் துழாவி விவரங்களை வெளியிட்டிருந்தார்கள். ஊழலைக் கண்காணிக்கும் அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் வங்கதேசக் கிளையும் பிரிட்டன் கிளையும் சேர்ந்து லண்டன் அரசை நெருக்கியிருந்தன. பழிவாங்கல் என்ற சந்தேகத்தைப் போக்குவதும் இத்தகைய சுதந்திரமான ஆவணங்கள்தான். டாக்கா அரசு சொன்னால் நம்பத் தயங்கும் வெளிநாட்டு நீதிபதி, இரு நாட்டு ஆய்வாளர்கள் பதிவேட்டிலிருந்து எடுத்துக்காட்டும் பத்திரத்தை மறுக்க முடியாது.

மக்கள் அமைப்புகளுக்கு என்ன இடம்?

இலங்கையின் பொருளாதாரச் சரிவுக்கு, ஆட்சியில் இருந்த ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் காவல் துறையோ லஞ்ச ஒழிப்பு ஆணையமோ அல்லர். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் இலங்கைக் கிளையும் பொதுநலம் நாடிய சில குடிமக்களும்தான். அதே ஆண்டு பன்னாட்டு நிதியம் இலங்கையின் ஆட்சிமுறைக் குறைகளைப் பற்றி அறிக்கை தயாரித்தபோது, அந்நாட்டு மக்கள் அமைப்புகள் தாங்களாகவே ஒரு தனி அறிக்கையை எழுதி வெளியிட்டன. அதைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்குத் தேவையில்லை.

அமெரிக்கக் கண்டத்து நாடுகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. ஒரு நாடு ஊழல் ஒப்பந்தத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கிறதா என்று மற்ற நாடுகளின் வல்லுநர்கள் ஆய்வுசெய்யும்போது, அந்நாட்டு மக்கள் அமைப்புகள் தனியாக அறிக்கை கொடுக்கலாம். வல்லுநர்கள் நேரில் வரும்போது அவர்களைச் சந்திக்கலாம். அரசு சொல்வதே முழு உண்மை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தியாவின் நிலை வருத்தம் தருகிறது. ராஜஸ்தானின் கிராமங்களில் சாலைக் கணக்கையும் கூலிக் கணக்கையும் மக்கள் முன் உரக்கப் படித்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனின் போராட்டம், உலகுக்கே வழிகாட்டிய தகவல் உரிமைச் சட்டத்தை 2005இல் பெற்றுத்தந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. இன்று அந்தச் சட்டத்தின் பற்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி அதிகாரிகள் விவரம் மறுப்பது எளிதாக்கப்பட்டிருக்கிறது. ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம், வெளிநாட்டு நிதியை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புடன் பகிர்வதையே தடுக்கிறது. எல்லை கடந்து கூட்டாக ஆய்வுசெய்ய நினைக்கும் அமைப்புகளின் கை கட்டப்பட்டிருக்கிறது. பணத்துக்கு இருக்கும் சுதந்திரம் பணத்தைத் தேடுபவர்களுக்கு இல்லை.

செய்ய வேண்டியவை

பிம்ஸ்டெக் சட்ட உதவி உடன்படிக்கையை முதலில் ஊழல் வழக்குகளுக்குப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென்றே பெயர் குறிப்பிட்ட ஓர் அதிகாரி இருக்க வேண்டும். சொத்தை முடக்கக் கோரும் அவசரக் கடிதங்களுக்கு நாள் கணக்கில் கெடு வேண்டும். எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனைக்குப் பதில் போனது என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். இந்த எண்ணிக்கையை வெளியிடுவதால் எந்த விசாரணையும் கெட்டுவிடாது.

அடுத்தது, கறுப்புப் பட்டியல். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்ட ஐந்து வங்கிகள் 2010இல் ஓர் உடன்பாடு செய்தன. மோசடிக்காக ஒரு வங்கி ஓராண்டுக்கு மேல் விலக்கிய ஒப்பந்ததாரரை மற்ற நான்கும் விலக்கும். நம் அரசுகள் இதைச் செய்வதில்லை. ஒரு நாட்டில் மருந்து மோசடியில் சிக்கிய நிறுவனம், பக்கத்து நாட்டில் ஒப்பந்தப்புள்ளி போட்டால் தடுக்க வழியில்லை. மருந்து, மின்சாரம், சாலை ஆகிய மூன்று துறைகளில் மட்டுமாவது ஏழு நாடுகளும் பொதுப்பட்டியல் வைத்துக்கொள்ளலாம். பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரமும் அதே இடத்தில் இருக்க வேண்டும். பினாமிகளைப் பிடிக்க அதைவிட மலிவான வழி இல்லை.

மக்கள் அமைப்புகளுக்குத் தனி அறிக்கை தரும் உரிமையை அந்த உடன்படிக்கையோடு சேர்த்து எழுத வேண்டும். எந்த அமைப்பு வர வேண்டும் என்பதை அரசே தேர்ந்தெடுத்தால், அரசுக்கு வேண்டியவர்கள்தான் வருவார்கள். தகுதியை வெளிப்படையாக வரையறுத்து, அதை நிறைவுசெய்யும் எவருக்கும் இடம் தர வேண்டும். அமைப்புகளும் தங்கள் வரவு செலவுக் கணக்கைப் பொதுவில் வைக்கக் கடமைப்பட்டவை.

மீளும் பணத்துக்கும் காவல் வேண்டும். நைஜீரியாவின் சர்வாதிகாரி சானி அபாச்சா சுருட்டியதில் 32 கோடி டாலரைச் சுவிட்சர்லாந்து திருப்பித் தந்தபோது, அது ஏழைக் குடும்பங்களுக்கு நேரடி உதவியாகப் போக வேண்டும் என்றும் மக்கள் அமைப்புகள் அதைக் கண்காணிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. இரண்டாவது முறை திருடப்படாமல் இருக்க இது அவசியம். இலங்கைக்கு நாளை பணம் திரும்பினால், அது அரசு மருத்துவமனைகளின் மருந்துக்கு மட்டும் செலவிடப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

இந்திய அரசு அண்டை நாடுகளிடம் கேட்பதற்கு முன் தானே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003இல் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் மரணம் எழுப்பிய கோரிக்கைதான் அந்தச் சட்டம். அறிவிக்கை ஒன்றை வெளியிட்டால் போதும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை ஆகிய ஊர்களுக்கு இடையே வணிகமும் நிறுவனங்களும் சொத்துகளும் பின்னிக் கிடக்கின்றன. சென்னையில் பதிவான ஒரு நிறுவனத்தின் ஆவணத்தை இங்குள்ளவர் எளிதில் எடுக்கலாம். இலங்கையின் 2016 தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள கொள்முதல் கோப்பை அங்குள்ளவர் கேட்கலாம். ஒரே மொழியில் வேலை செய்யும் இரு கரைப் பத்திரிகையாளர்களும் தகவல் உரிமை ஆர்வலர்களும் இந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க அரசின் அனுமதி தேவையில்லை.

பிம்ஸ்டெக்கின் தலைமைப் பொறுப்பு 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் வங்கதேசத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த உச்சி மாநாட்டையும் அந்நாடே நடத்த வேண்டும். வட்டாரத்தில் அதிகம் சூறையாடப்பட்ட நாடுகளில் ஒன்றே மாநாட்டை நடத்தப்போகிறது என்பதால், ஊழல் பண மீட்பை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்காது. அதை இந்தியா முன்மொழியுமா என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளியுறவு அமைச்சரிடம் கேட்க வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அந்தக் கேள்வியை எழுதி அனுப்புங்கள்.